வெள்ளை விரலில் தொண்ணூற்றாறு

எங்கள் தெருவில் யாருக்குக் காய்ச்சல் முற்றினாலும் என்னிடம் வந்து கேட்கிறார்கள். "அந்த ஏசி ஆஸ்பத்திரியில கெடந்தீயளே, எப்பிடி இருந்துச்சு? அங்க போலாமா?" முதலில் "நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படிச் சொல்வதுதான் மரியாதை என்று பழகிவிட்டது. ஒரு நாள் எதிர்வீட்டுப் பெண்ணிடம் அப்படிச் சொல்லி அனுப்பிவிட்டு உள்ளே வந்தபோது வாயெல்லாம் கசந்தது. அங்கே நான் கிடந்தது ஒன்பது நாள். கேட்பவர்களுக்கு இனி உள்ளதைச் சொல்லிவிடலாம் என்றுதான் எழுதுகிறேன்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூர் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர். வீடு இராஜபாளையத்தில். என் கணவர் சண்முகவேல் நூல் மில்லில் எலெக்ட்ரீஷியன். தினமும் பஸ்ஸில் போய் வருவேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் நிலையத்துக்குப் புது எலெக்ட்ரானிக் எந்திரம் வந்தது. அதற்குச் சூடு ஆகாது என்று அறை முழுக்க ஏசி போட்டார்கள். வெளியூர்களுக்கு ட்ரங்க் கால் போட்டுக் கொடுக்கும் நாங்களும் அந்தக் குளிரிலேயே எட்டு மணி நேரம் உட்கார வேண்டும். மற்றவர்களுக்கு அது சொகுசு. எனக்கு ஒரு மாதத்திலேயே விரல்கள் சுண்ணாம்புக்கட்டி போல வெளுக்க ஆரம்பித்தன. கொஞ்ச நேரத்தில் நீலமாகும். வெளியே வந்து வெயிலில் நீட்டினால் சிவந்து, ஊசி குத்துவது போல எரியும்.

அரசு ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். ஒரு குவளையில் ஐஸ் தண்ணீரை ஊற்றி என் கையை அதில் வைக்கச் சொல்லிப் பார்த்தார். "குளிர் பட்டா உங்க விரலுக்குப் போற ரத்தக்குழாய் இறுகி மூடிக்குது. ரேனாட்னு பேரு. இதனால உயிருக்கு ஒண்ணும் இல்ல. ஆனா நாளைக்கு எந்த டாக்டர்ட்ட போனாலும் இத மறக்காமச் சொல்லுங்க" என்றார். நானும் மறக்காமல்தான் சொன்னேன்.

ஒரு மார்கழியில் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் வலது விலாவில் கத்தியைச் செருகி இழுப்பது போல ஒரு வலி. இருமினால் துருப்பிடித்த தண்ணீர் நிறத்தில் சளி. மில்லில் எல்லாரும் என் கணவரிடம் அந்தப் புது தனியார் ஆஸ்பத்திரியைத்தான் சொன்னார்கள். ஐ.சி.யூ. இருக்கிறது, மதுரைக்குப் போக வேண்டியதில்லை என்றார்கள். அதன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது நுரையீரலின் அடிப்பக்கம் வெள்ளையாகத் திட்டு விழுந்திருந்தது. "நிமோனியா. நுரையீரல்ல காத்து இருக்க வேண்டிய இடத்துல சளியும் நீரும் கட்டியிருக்கு. ஊசி போட்டா சரியாயிடும்" என்றார் டாக்டர். சின்ன வயதுக்காரர், நன்றாக உடுத்துவார். அந்த ஊசி விஷயத்தில் அவர் செய்தது சரிதான். அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது.

ஐ.சி.யூ. என்பது இரண்டு கட்டில் போட்ட ஓர் அறை. ஜன்னலை அடைத்துத் திரை போட்டு, பகலிலும் இரண்டு டியூப் லைட்டை எரியவிட்டு, ஏசியை ஓடவிட்டிருந்தார்கள். நனைந்த கோணிச்சாக்கு நாற்றம் அந்த ஏசியிலிருந்து வந்துகொண்டே இருந்தது. பக்கத்துக் கட்டில் காலி. என் தலைமாட்டில் ஒரு மேசை, அதில் ரேடியோப்பெட்டி அளவில் ஒரு எந்திரம். அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடந்தன. அதிலிருந்து வரும் ஒயரின் முனையில் துணிக் கிளிப் மாதிரி ஒன்று. உள்ளே சிவப்பாக ஒரு வெளிச்சம். அதை என் வலது ஆள்காட்டி விரலில் மாட்டினார்கள்.

"ரத்தத்துல ஆக்ஸிஜன் எவ்வளவு இருக்குன்னு ஊசி குத்தாமலே சொல்லிடும். இந்த வட்டாரத்துலயே நம்மகிட்ட மட்டும்தான் இருக்கு" என்று டாக்டர் என் கணவரிடம் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை. நான் இருமலுக்கு நடுவே, "சார், எனக்கு குளிர்ல விரல்ல ரத்தம் ஓடாது, ரேனாட்னு சொல்லியிருக்காங்க" என்றேன். "அதெல்லாம் பாத்துக்கலாம்மா" என்றார்.

எந்திரம் கொஞ்ச நேரம் கோடு கோடாகக் காட்டியது. பிறகு தொண்ணூற்றாறு என்று நின்றது. டாக்டருக்கு முகம் மலர்ந்தது.

முதல் நாள் மூக்கில் குழாய் வைத்து ஆக்ஸிஜன் கொடுத்தார்கள். மறுநாள் காலையில் ரவுண்ட்ஸ் வந்தவர், "தொண்ணூத்தாறு இருக்கே, அப்புறம் எதுக்கு சிலிண்டர்? தியேட்டருக்கு அனுப்புங்க" என்றார். அன்று யாருக்கோ ஆபரேஷன். குழாயை உருவிவிட்டு, சிலிண்டரை உருட்டிக்கொண்டு போனார்கள். அது தரையில் கடகடவென்று போகிற சத்தம் வராந்தா முனை வரை கேட்டது.

அதன் பிறகு என் மூச்சு என்னிடம் இல்லை. எப்படிச் சொல்வது? குழாயில் தண்ணீர் வராத நேரத்தில் பம்பை அடி அடி என்று அடிப்போமே, அப்படி நெஞ்சு அடித்துக்கொண்டது. உள்ளே ஒன்றும் ஏறவில்லை. பதினான்கு வருடம் பேச்சையே வேலையாகப் பார்த்தவள் நான். ஒரு மூச்சில் மூன்று சொல்லுக்கு மேல் வரவில்லை. "மூச்சு... முட்டுது சார்..." என்பேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் எந்திரத்தைப் பார்ப்பார். "தொண்ணூத்தாறும்மா. எனக்கே அவ்வளவுதான் இருக்கும். பயப்படாதீங்க."

அன்று மாலை அவருக்கு வேண்டிய இரண்டு பெரிய மனிதர்கள் எந்திரத்தைப் பார்க்க வந்தார்கள். செருப்போடு உள்ளே வந்தார்கள். டாக்டர் என் மணிக்கட்டைப் பிடித்து, கிளிப்போடு என் விரலைத் தூக்கிக் காட்டினார். கடையில் சேலையின் முந்தானையைத் தூக்கிக் காட்டுவார்களே, அதே மாதிரி. ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, "எம்புட்டு ஆச்சு சார்?" என்றார். எனக்கு இருமல் வந்தது. அவர் சட்டென்று பின்னால் போய் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் துப்பிய தட்டு கட்டிலுக்கடியில் காலையிலிருந்து அப்படியே இருந்தது, ஈ மொய்த்தது. அந்த எந்திரத்தை மட்டும் ஒரு ஆயா வந்து நாளைக்கு மூன்று தடவை ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்துவிட்டுப் போவாள்.

என் நாத்தனார் பேச்சியம்மா பேண்டேஜ் கம்பெனியில் காயத்துக்குக் கட்டும் காஸ் துணி மடிக்கிறவள். வேலை முடிந்து வந்தவள் என் கையைத் தொட்டுப் பார்த்துத் திடுக்கிட்டாள். "மதினி, என்ன இது, ஐஸ் பொட்டியில வச்ச மீனு கணக்கா இருக்கு!" என்று, கிளிப் இல்லாத கையை எடுத்துத் தன் அக்குளில் இறுக்கி வைத்துக்கொண்டாள். அப்படியே முக்கால் மணி நேரம் குனிந்து நின்றாள். நர்ஸிடம் போய் ஏசியை நிறுத்தச் சொன்னாள். "மிஷினுக்குப் போட்டிருக்கு, நிறுத்தக் கூடாதுன்னு சார் சொல்லியிருக்காரு" என்று பதில் வந்தது.

மூன்றாம் நாள் எனக்கு அறை மங்கியது போலவும், யாரோ வெகு தூரத்தில் பேசுவது போலவும் இருந்தது. நான் கட்டிலில் உட்கார்ந்தால்தான் கொஞ்சம் மூச்சு வரும். படுக்க மாட்டேன் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உடம்பு என்னையறியாமல் அங்குமிங்கும் அலைந்தது. மதியச் சாப்பாடு முடிந்து வந்த டாக்டர் என்னைப் பார்த்தார், எந்திரத்தைப் பார்த்தார்.

"இது மூச்சுத் திணறல் இல்ல. வெறும் பதட்டம். பொம்பளைங்களுக்கு வர்றதுதான். அமைதியா தூங்குறதுக்கு ஒரு ஊசி போட்டுடுங்க சிஸ்டர்" என்றார்.

நர்ஸ் ஸ்டெல்லா நாகர்கோவில் பக்கத்துப் பெண். குரலை உயர்த்திப் பேச மாட்டாள். அன்று மட்டும், "சார், உதடு கறுத்திருக்கு" என்றாள்.

"அவங்களுக்கு விரலும்தான் நீலமா இருக்கு. அது பழைய வியாதின்னு அவங்களே சொல்றாங்க. மெஷின் என்ன சொல்லுது? அதைப் பாருங்க." சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனார்.

நான் சொன்ன ரேனாடை அவர் மறக்கவில்லை. என் நீலத்துக்குக் காரணம் சொல்ல அது அவருக்கு உதவியது. அந்த எண்ணைச் சந்தேகப்பட மட்டும் உதவவில்லை. இதை நினைக்கும்போதுதான் எனக்கு அதிகமாக அருவருப்பாக இருக்கிறது.

ஸ்டெல்லா ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டு வந்தாள். ஆனால் உடனே போடவில்லை. தட்டை வைத்தாள், எடுத்தாள், பஞ்சைத் தேடினாள். அவள் நேரத்தைக் கடத்துகிறாள் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. அந்த நேரத்தில் முதல் ஷிப்ட் முடித்து என் கணவர் உள்ளே வந்தார். தலையிலும் மீசையிலும் பஞ்சு ஒட்டியிருந்தது.

"என்ன ஊசிம்மா இது?"

"தூங்குறதுக்கு அண்ணாச்சி." கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "இத போட்டா மூச்சு இன்னும் கொறையும். எனக்கு பயமா இருக்கு" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கிளிப் மாட்டிய விரலைப் பார்த்தார். விரல் வெள்ளை வெளேரென்று இருந்தது. அவர் மில்லில் கவனிக்கிற எந்திரங்களில் நூல் ஒரு சின்னப் பிளவு வழியாக ஓடும். ஒரு பக்கம் வெளிச்சம், மறு பக்கம் ஒளியை உணரும் கண். நூலில் முடிச்சோ தடிப்போ வந்தால் கண் அதைக் கண்டுபிடித்து அறுத்துவிடும். அந்தக் கண்ணோடு மல்லுக்கட்டுவதே அவருக்குப் பாதி நாள் வேலை.

"சிஸ்டர், இதுவும் வெளிச்சத்த வச்சுத்தான பாக்குது?"

"ஆமா அண்ணாச்சி. விரலுக்கு இந்தப் பக்கம் லைட்டு, அந்தப் பக்கம் சென்சாரு. நாடி அடிக்கும்போது ரத்தம் வரும்லா, அந்த ரத்தம் எம்புட்டு செவப்பா இருக்குன்னு பாக்கும். ஆக்ஸிஜன் நெறைய இருந்தா நல்ல செவப்பு, கொறஞ்சா கறுப்பு."

"இவ விரல்ல ரத்தமே வரலியே. பொறவு எதப் பாக்குது?"

ஸ்டெல்லா குனிந்து விரலைப் பார்த்தாள். அவர் மேலே டியூப் லைட்டைப் பார்த்தார். "எங்க மில்லுல சென்சார் மூடி ஒடஞ்சு டியூப் லைட்டு உள்ள அடிச்சா, நூலே ஓடாதப்ப நூல் ஓடுதுன்னு காட்டும்" என்று சொல்லிக்கொண்டே என் விரலிலிருந்து கிளிப்பைக் கழற்றினார். தோளில் கிடந்த துண்டின் நுனியை மடித்து அதில் மாட்டினார்.

எந்திரம் ஒரு தடவை கத்தியது. கோடு கோடாகக் காட்டியது. பிறகு எண்கள் வந்தன. ஆக்ஸிஜன் தொண்ணூற்று மூன்று. நாடித்துடிப்பு நூற்றுச் சொச்சம்.

கத்தின சத்தத்துக்கு டாக்டர் ஓடி வந்தார். "என்ன செய்றீங்க? அது என்ன விலைன்னு தெரியுமா? கைய எடுங்க!"

என் கணவர் கையை எடுக்கவில்லை. அதிகம் படிக்காதவர், டாக்டர்களிடம் உட்கார்ந்து பேசக்கூட மாட்டார். "சார், எந்துண்டுக்கு நாடி அடிக்குது" என்றார்.

டாக்டர் பார்த்தார். என் கணவர் இன்னொரு கையால் கிளிப்பைச் சுற்றிப் பொத்தி டியூப் லைட் வெளிச்சத்தை மறைத்தார். எண்கள் போய்க் கோடுகள் வந்தன. கையை எடுத்தார். மறுபடி எண்கள் வந்தன.  

ஸ்டெல்லா அலமாரியைத் திறந்து எந்திரம் வந்த அட்டைப்பெட்டியை எடுத்தாள். அதற்குள் பாலிதீன் உறை கூடப் பிரிக்காமல் இன்னொரு சின்னக் கிளிப் இருந்தது. காதில் மாட்டுவது. விரலில் ரத்தம் ஓடாதவர்களுக்கென்றே அதையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். யாரும் பிரிக்கவில்லை. அவள் என் காது மடலை சூடு பறக்கத் தேய்த்து அதை மாட்டி, மேலே ஒரு துணியைப் போட்டு மூடினாள். நான் எந்திரத்தைத் திரும்பிப் பார்க்க முடியாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கண் பெரிதாகியது.

"எழுபத்தொம்பது சார்."

நோயில்லாத மனிதருக்கு இது தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டும். எழுபத்தொன்பதோடு ஒன்றரை நாள் என்னை உட்கார வைத்து, பயப்படாதே என்று சொல்லியிருக்கிறார்கள். மூச்சை இன்னும் அடக்குகிற ஊசி என் கைக்கு ஒரு முழ தூரத்தில் தட்டில் இருந்தது.

"சிலிண்டர்" என்றார் டாக்டர். யாராவது வரும் வரை என் கணவர் காத்திருக்கவில்லை. வராந்தா முனைக்கு ஓடிப்போய், ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்ற சிலிண்டரைத் தானே உருட்டிக்கொண்டு வந்தார். முகமூடியை வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் தூரத்தில் போயிருந்த குரல்கள் பக்கத்தில் வந்தன. பேச்சியம்மா வந்து நின்றது தெரிந்தது. அவள் யாரையும் கேட்காமல் போய் ஏசி சுவிட்சை அணைத்தாள்.

அடுத்த ஆறு நாளும் அந்தக் காது கிளிப்போடு கிடந்தேன். எண்பத்தெட்டு, தொண்ணூறு, தொண்ணூற்று மூன்று. அந்த எந்திரத்தை வெறுத்துக்கொண்டே அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு எண் இறங்கினால் எனக்கு மூச்சு முட்டுவது போலவே இருக்கும். பேச்சியம்மா தன் கம்பெனியில் கழித்துப்போட்ட காஸ் துணியில் பஞ்சை வைத்து இரண்டு பெரிய கையுறை தைத்துக்கொண்டு வந்தாள். பார்க்க இட்லித் துணியில் கட்டிய மாவு மாதிரி இருக்கும். "சிரிக்காதிய மதினி, இருமல் வந்துரும்" என்று சொல்லிச் சொல்லி மாட்டிவிடுவாள். துப்பல் தட்டை அவளேதான் கொண்டுபோய்க் கழுவி வந்தாள். ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை. ஸ்டெல்லா டியூட்டி இல்லாத வேளையிலும் எட்டிப் பார்த்து, வெந்நீர்ப் பையை மாற்றிவிட்டுப் போவாள்.

டாக்டர் அதற்குப் பிறகு என்னிடம் மிக மரியாதையாகப் பேசினார். என் கணவரை வெளியே அழைத்து, "இது லட்சத்துல ஒருத்தருக்கு வர்ற கேஸ். இதை வெளியே சொல்லி ஜனங்களைக் குழப்ப வேண்டாம்" என்றாராம். இந்த ஊரில் மில் கேன்டீனில் பீடி குடித்துக் குடித்துக் கால் விரல் கறுத்தவர்கள் எத்தனை பேர், சர்க்கரை நோயால் பாதம் மரத்துப் போனவர்கள் எத்தனை பேர். எல்லாரும் அந்த அறைக்குத்தான் போகப் போகிறார்கள். லட்சத்தில் ஒருத்தர் என்று அவர் எப்படிக் கணக்கிட்டார் என்று தெரியவில்லை. பில்லில் அந்த எந்திரத்துக்கு ஒன்பது நாளும் தனி வாடகை போட்டிருந்தார்கள். அந்தத் துண்டுக்கு நாடி பார்த்த மூன்றாம் நாளுக்கும் சேர்த்து.

வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் கழித்து, லீவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று ஆஸ்பத்திரி கொடுத்த கவரைப் பிரித்தேன். உள்ளே டைப் அடித்த ஆங்கிலத் தாள். ட்ரங்க் கால் போடுகிறவளுக்கு அந்த அளவு ஆங்கிலம் தெரியும். வலது நுரையீரலில் நிமோனியா; ஆக்ஸிஜன் அளவு தொண்ணூற்றாறு; நோயாளி மிகவும் பதட்டமாக இருந்தார்; உறவினர் வற்புறுத்தியதால் ஆக்ஸிஜன் கொடுக்கப்பட்டது. எழுபத்தொன்பது என்பது எங்குமே இல்லை.

"விடுட்டி. உசுரோட வந்தாச்சுல்லா" என்றார் என் கணவர்.

என்னால் விட முடியவில்லை. நாளைக்கு மறுபடி மூச்சு முட்டி எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் இந்தத் தாளைத்தான் வாங்கிப் படிப்பார்கள். பதட்டக்காரி என்று இருக்கும். அதைப் படித்துவிட்டு யாராவது மறுபடியும் தூங்குகிற ஊசியை எடுக்கச் சொல்வார்கள். அப்போது பக்கத்தில் ஸ்டெல்லா இருக்க மாட்டாள். ஷிப்ட் முடிந்து யாரும் வராமலும் போகலாம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நானாகவே அந்த ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிப் போனேன். வெளியே பெஞ்சில் என்னை இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். ஸ்டெல்லாவைக் கேட்டேன். அவளை ஐ.சி.யூ.விலிருந்து எடுத்துவிட்டு, புண்ணுக்கு மருந்து கட்டும் அறையில் போட்டிருக்கிறார்கள் என்று ஆயா சொன்னாள். உள்ளே கூப்பிட்டபோது தாளை டாக்டரின் மேசையில் வைத்தேன்.

"சார், இதுல தப்பா இருக்கு."

அவர் படித்தார். "மெஷின் காட்டுனதைத்தானே எழுதியிருக்கோம்."

"காதுல மாட்டினப்ப காட்டுனதும் மெஷின்தான சார். அத ஏன் எழுதல?"

"அதெல்லாம் டெக்னிக்கல். உங்களுக்குப் புரியாதும்மா."

"எனக்கு புரிய வேண்டாம் சார். அடுத்த டாக்டருக்குப் புரியணும்."

அவர் நாற்காலியில் சாய்ந்து, "ட்ரீட்மென்ட் கொடுத்து உங்களைப் பிழைக்க வெச்சிருக்கேன்" என்றார். நான் எழுந்திருக்கவில்லை.  கதவுக்கு வெளியே ஒரு குழந்தை அழுதது. அடுத்த நோயாளியை அனுப்பலாமா என்று கம்பவுண்டர் எட்டிப் பார்த்தார். நான் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

கடைசியில் அவர் பேனாவை எடுத்தார். பதட்டம் என்ற வரியை அடித்தார். பக்கவாட்டில், விரலில் ரத்த ஓட்டம் குறைவு, விரல் அளவு நம்பத் தக்கதல்ல, காதில் எழுபத்தொன்பது, இனி இவருக்குக் காதில்தான் பார்க்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் கிறுக்கிக் கையெழுத்துப் போட்டார். தாளை என் பக்கம் தள்ளினார். கண்ணைப் பார்க்கவில்லை.

"இப்போ திருப்திதானே?"

நான் தாளை எடுத்து, ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்தேன். திருப்பி அவர் முன்னால் வைத்தேன்.

"தேதி போடல சார்" என்றேன்.